வைகீகிக் கடலோரத்தில் ஒரு சிறிய மீன் காட்சியகம்

ஹவாயின் ஓவாஹு தீவிலுள்ள ஹொனலூலுவுக்குப் போகிறவர்களின் பட்டியலில் வைகீகி மீன் காட்சியகம் பெரும்பாலும் அடியில்தான் கிடக்கும். பேர்ள் ஹார்பர், டைமண்ட் ஹெட் மலை, ஹனவ்மா விரிகுடா எல்லாம் முடிந்த பிறகு, மழை பிடித்துக்கொண்டாலோ வெயில் தாங்காமல் பிள்ளைகள் சிணுங்கினாலோ ஒதுங்குவதற்கான இடமாக அதைக் குறித்து வைத்திருப்பார்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். ஒரு காலைப்பொழுது அங்கே இருந்துவிட்டு வந்தால், பிறகு அந்தத் தீவின் எந்தக் கரையில் இறங்கினாலும் தண்ணீருக்குள் தெரிவது என்ன என்று பிள்ளைகளே நமக்குச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். ஹவாயின் கவாய் தீவில் இறைவன் கோயில் என்று ஒரு சிவன் கோயில் இருக்கிறது. பெங்களூருக்கு அருகே சிற்பிகள் கையாலேயே செதுக்கிய கற்களைக் கப்பலில் கொண்டுபோய் அடுக்கி எழுப்பி, 2023இல் குடமுழுக்கு நடத்தினார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளோடு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போகிற வழியில் ஓவாஹு தீவில் தங்கினோம். கோயிலைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே மீன் காட்சியகத்தை மட்டும் சொல்கிறேன்.

வைகீகியின் விடுதிகள் வரிசையாக நிற்கும் கலாகவுவா சாலையில் கிழக்கே நடந்தால் காட்சியகம் வந்துவிடும். வண்டி வேண்டியதில்லை. வலப்பக்கம் கூடவே கடல் வருகிறது. வழியில் 1901இல் திறந்த மொவானா விடுதியின் முற்றத்தில் ஓர் ஆலமரம், நம் நாட்டு ஆல், 1904இல் நட்டது. விழுதுகள் இறங்கி, முற்றம் முழுவதையும் நிழலாக்கி நிற்கிறது. கொஞ்ச தூரம் போனதும் விடுதிகள் நின்றுபோய்க் கபியோலானி பூங்காவின் பச்சை தொடங்குகிறது. 1870களில் கலாகவுவா மன்னர் தன் அரசியின் பெயரால் மக்களுக்குத் திறந்துவிட்ட பூங்கா அது. அதற்கும் கடலுக்கும் நடுவே, தாழ்ந்த கூரையோடு, சாலையில் போகிறவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடக்கூடிய கட்டடம்தான் காட்சியகம். முழு இடமும் சேர்ந்தே இரண்டரை ஏக்கருக்குள் அடங்கிவிடும்.

அந்த ஆலமரத்துக்கும் காட்சியகத்துக்கும் ஒரே வயது. 1904 மார்ச் மாதம் ஹொனலூலு மீன் காட்சியகம் என்ற பெயரில் திறந்தார்கள். அப்போதுதான் நகரத்திலிருந்து பூங்கா வரை டிராம் பாதை போட்டிருந்தார்கள். கடைசி நிறுத்தம் வரைக்கும் ஆட்கள் ஏற வேண்டுமானால் அங்கே பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்று டிராம் நிறுவனத்தார் நினைத்தார்கள். ஊர்ச் செல்வந்தர்கள் பணம் கொடுத்தார்கள். 35 தொட்டிகளோடும் ஏறத்தாழ 400 உயிர்களோடும் வேலை தொடங்கியது. பயணச்சீட்டு விற்பதற்காகப் பிறந்த அந்த இடம் 1919இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. இப்போதுள்ள கட்டடம் 1955இல் கட்டியது. அமெரிக்காவில் இன்னும் இயங்கிவரும் மிகப் பழைய பொது மீன் காட்சியகங்களில் இது ஒன்று. டிராம் போய் வெகுகாலமாகிறது.

உள்ளே நுழைந்ததும் ஒன்று தெரிந்துவிடுகிறது. பிரம்மாண்டம் என்று சொல்ல இங்கே எதுவும் இல்லை. தலைக்கு மேல் சுறா நீந்தும் கண்ணாடிச் சுரங்கம் கிடையாது. டால்பின் துள்ளல் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. தொட்டிகள் நாலு வயதுப் பேரனின் கண்மட்டத்துக்கு இருந்தன. யாரும் அவனைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கைகளையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு மீனாக நின்று பார்த்தான். பெரிய நகரங்களில் ஆயிரக்கணக்கான மக்களோடு தள்ளப்பட்டு, கைப்பேசி வெளிச்சங்களுக்கு நடுவே சுறாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து விழுந்த அனுபவம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. அதில் அவர்கள் மனத்தில் நின்ற மீன் ஒன்றும் இல்லை. இங்கே ஒரு தொட்டியின் முன் கால் மணி நேரம் உட்காரலாம். பின்னால் யாரும் அவசரப்படுத்துவதில்லை.

தென் பசிபிக்கின் உயிர்களும் இருக்கின்றன. ஆனால் இந்த இடத்தின் உயிர்நாடி ஹவாயின் சொந்தக் கடல்தான். கலிபோர்னியாவிலிருந்து இந்தத் தீவுகள் சுமார் 3,800 கிலோமீட்டர். வேறு எந்தக் கரையும் கிட்டத்தில் இல்லை. மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து இவ்வளவு தூரம் உயிரோடு வந்து சேர்வது அபூர்வம். அப்படி வந்தவை லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்தே வாழ்ந்து வேறு இனங்களாக மாறிவிட்டன. அதனால் ஹவாயின் பவளத்திட்டு மீன்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று உலகில் வேறெங்கும் கிடையாது. பெரிய மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்யும் ஒரு சிறு மீன், ஊதாவும் மஞ்சளும் கலந்தது, இங்கே மட்டுமே உண்டு. மற்ற மீன்கள் அதன் முன்னே வாயைத் திறந்துகொண்டு அசையாமல் காத்திருக்கும்.

பேத்திக்கு ஒன்பது வயது. அவளைப் பிடித்துக்கொண்டது ஹவாய் மாநிலத்தின் மீன். நம் பக்கத்து மீனவர்கள் கிளாத்தி என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. ஹவாய் மக்கள் வைத்திருக்கும் பெயர் ஹுமுஹுமுநுகுநுகுவாபுவாஆ. 1985இல் மக்களிடம் வாக்கெடுத்து அதை மாநில மீனாக்கினார்கள். ஐந்தாண்டுக்கு மட்டும் என்று இருந்ததை 2006இல் நிரந்தரமாக்கினார்கள். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெண்பிள்ளை ஒருத்தி அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினாள். எங்கள் பேத்தி அவளிடமே கேட்டுக் கேட்டுத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மாச்சி, ஒங்க ஊருல இதுக்கு என்ன பேரு?" என்றாள். கிளாத்தி என்றேன். அடுத்த தொட்டியில் பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டியதைக் காட்டி, அதற்கு? அஞ்சாலை. மீசை நீண்டதற்கு? சிங்கி இறால். இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் கடல் பசிபிக் அல்ல, ஒரே இனமாகவும் எல்லாம் இருக்காது. ஆனாலும் குடும்பம் ஒன்று. அமெரிக்காவில் வளரும் ஒரு பிள்ளைக்கு மன்னார் வளைகுடாவின் மீன் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய்த்த இடம் நடுப் பசிபிக்கின் ஒரு தீவு.

நாட்டிலஸ் தொட்டி இருட்டில் இருக்கிறது. சங்கு போன்ற ஓட்டுக்குள் வாழும் அந்தப் பழம்பெரும் உயிரின் முட்டை பொரிய ஏறத்தாழ ஓராண்டு ஆகும். 1985இல் இந்தக் காட்சியகத்தில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். ஆழ்கடலில் நடப்பதை அதற்கு முன் நேரில் பார்த்தவர்கள் இல்லை. சொறிமீன் கூடம் அழகுதான், பிள்ளைகள் அங்கே நிற்கத்தான் செய்தார்கள், ஆனால் அதை இப்போது எந்த ஊரிலும் பார்க்கலாம்.

பவளத்துக்கு வருகிறேன். உயிருள்ள பவளத்தைத் தொட்டியில் வளர்ப்பது மீனை வளர்ப்பதைப் போலல்ல. பவளம் ஒரு விலங்கு. கடுகளவு உடம்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து சுண்ணாம்பை உறிஞ்சிக் கூடு கட்டுகின்றன. அவற்றின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலிலிருந்து உணவு செய்து கொடுக்கின்றன. வெயிலும் வேண்டும், நீரோட்டமும் வேண்டும், சூடு ஓரிரண்டு பாகை கூடினாலும் பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துப்போகும். 2014லும் 2015லும் ஹவாய்க் கடலில் அப்படித்தான் பரவலாக வெளுத்தது. உலகின் பெரும்பாலான காட்சியகங்கள் பிளாஸ்டிக் பவளம் வைத்திருந்த காலத்திலேயே வைகீகியில் உயிர்ப் பவளத்தை வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஹவாயில் கடலிலிருந்து பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம்.

என் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். எங்கள் கரையில் பழைய வீடுகளின் சுவர்களில் பவளக்கல் இருக்கும். தனுஷ்கோடியில் புயலுக்கு மிஞ்சி நிற்கும் தேவாலயத்தின் சுவர்களிலும் அதைப் பார்க்கலாம். வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். அது உயிர் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 'கல்லு டீச்சர்' என்பார்கள். 2001இல்தான் பவளத்தை நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்தார்கள். உயிருள்ள பவளம் கைவிரல் போன்ற தன் உணர்கொம்புகளை நீட்டி உணவு பிடிப்பதை ஒரு முறை கண்ணால் கண்ட பிள்ளை அதைக் கல் என்று சொல்லாது. பாடப்புத்தகத்தில் நான் வருடக்கணக்காகச் சொல்லிப் புரிய வைக்கப் பாடுபட்டதை அந்தத் தொட்டி சிறிது நேரத்தில் பேரனுக்குப் புரிய வைத்துவிட்டது.

ஹவாய் மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. குமுலிபோ என்பது அவர்களுடைய படைப்புப் பாடல், இரண்டாயிரம் அடிகளுக்கு மேல் நீள்வது. உலகில் முதலில் பிறந்த உயிர் பவளம் என்று அது தொடங்குகிறது. கடலில் ஒரு பாசி பிறந்தால் அதற்குக் காவலாகக் கரையில் ஒரு செடி பிறக்கிறது என்று இணை இணையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. கலாகவுவா மன்னர் அதை 1889இல் அச்சிட்டார். ஆட்சியைப் பறிகொடுத்துச் சிறையிருந்த அவர் தங்கை லிலியுவோகலானி அரசி அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார், 1897இல் வெளிவந்தது. நாட்டையே இழந்த ஓர் அரசி அறைக்குள் அடைபட்டிருந்த நாட்களில் கையில் எடுத்த வேலை இது என்பதைப் படித்தபோது, எனக்கு அந்த அம்மாள் மீது பெரிய மரியாதை வந்தது.

கடற்பாசிகளிடம் நான் நின்றுவிட்டேன். மகள் இரண்டு முறை வந்து கூப்பிட்டாள். பெரும்பாலான பார்வையாளர்கள் பாசியைப் பார்ப்பதில்லை, அதன் மேல் நீந்தும் மீனைத்தான் பார்க்கிறார்கள். ஹவாயில் பாசிக்கு லிமு என்று பெயர். சாப்பாட்டுக்குத் தொடுகறியாக, மீனோடு பிசைந்து, மருந்தாக, சடங்குக்கு என்று அதை அவர்கள் பயன்படுத்தினார்கள். பழைய கட்டுப்பாடுகளின்படி பெண்கள் பன்றிக்கறியும் வாழைப்பழமும் தேங்காயும் தொடக் கூடாது. 1819இல் அந்தக் கட்டுப்பாடு ஒழியும் வரை அப்படித்தான். அதனால் பாசியை அறிவது பெண்களின் வேலையாயிற்று. எந்தப் பாறையில் எந்த மாதம் எது முளைக்கும், எதை வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கிள்ள வேண்டும் என்பதெல்லாம் தாய் மகளுக்குச் சொல்லிவந்த படிப்பு.

அப்படித் தாயிடம் படித்தவர் இசபெல்லா ஆபட். மாவி தீவின் ஹானாவில் 1919இல் பிறந்தவர். தாய் ஹவாயைச் சேர்ந்தவர், தந்தை சீனர். 1950இல் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஹவாயின் பூர்வகுடிப் பெண்களில் அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்துவிட்டு, பிறகு ஹவாய் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பாசி இனங்களை உலகுக்கு விவரித்து எழுதினார். 2010இல் காலமானார். தாவரவியல் படித்த எனக்கு அவர் பெயர் தெரியும். அவர் தாயோடு பாசி பறித்த கடலின் ஓரத்தில் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

எங்கள் கரையிலும் இது பெண்களின் வேலைதான். பாம்பன், மண்டபம் பக்கத்துத் தீவுகளில் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் சொல்லும் பெயர்களைப் பிள்ளைகள் வாயிலாகத்தான் நானே கற்றேன். ஹவாய் மக்கள் சடங்குகளில் பயன்படுத்தும் லிமு கலாவும் எங்கள் கட்டக்கோரையும் ஒரே பேரினம், சர்காசம். அவர்கள் மீனோடு கலந்து தின்னும் மனவேயாவும் எங்கள் கஞ்சிப்பாசியும் கிரேசிலேரியா என்ற ஒரே பேரினம். இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது, "அத்தை, இத எழுதி வைங்க, பிள்ளைகளுக்குத் தெரியணும்" என்றார்.

இரண்டு கரைகளையும் இணைக்கும் இன்னொரு கதை உண்டு, அது வருத்தமானது. கேப்பாபைகஸ் என்ற பாசியை, ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பொருளுக்காக, பண்ணையில் வளர்க்கலாம் என்று 1974இல் ஓவாஹுவின் கானேஓஹே விரிகுடாவில் கொண்டுவந்து போட்டார்கள். பண்ணை நிலைக்கவில்லை. பாசி நிலைத்துவிட்டது. உடைந்த ஒவ்வொரு துண்டும் புதிதாக வளரும் இயல்புடையது, பவளத்தின் மேல் தடித்த பாய்போலப் படர்ந்து வெயிலை மறைத்துக் கொன்றது. வைகீகியின் கரையிலேயே இன்னொரு வெளிநாட்டுக் கிரேசிலேரியா 1970களில் இப்படிப் புகுந்தது. பிற்காலத்தில் தன்னார்வலர்கள் இந்தக் காட்சியகத்தோடு சேர்ந்து கடலில் இறங்கி அதைக் கையால் பிடுங்கி டன் கணக்கில் கரையேற்றினார்கள். கானேஓஹேயில் படகில் பெரிய உறிஞ்சுகுழாய் பொருத்திப் பாசியை இழுத்தெடுத்தார்கள். மிஞ்சியதைத் தின்பதற்காக அரசின் பண்ணையில் உள்நாட்டுக் கடல் முள்ளெலிகளை லட்சக்கணக்கில் வளர்த்துப் பவளத்திட்டுகளில் விட்டார்கள், பவளம் மெல்ல மீண்டது.

அதே கேப்பாபைகஸ் எங்கள் கரைக்கும் வந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கத் தொடங்கினார்கள். பல பெண்களுக்கு அது வருமானம் கொடுத்தது, அதை நான் மறுக்க மாட்டேன். 2008இல் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் அது படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். உயிரியல் மாணவர்களின் சொர்க்கம் என்று பெயர் வாங்கிய தீவு குருசடை. கானேஓஹேயில் என்ன நடந்தது என்பது அதற்குள் கால் நூற்றாண்டுக்கு மேல் பழைய செய்தியாகியிருந்தது. அந்தச் செய்தியை நம் கரை மக்களுக்கு யாராவது கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டும். கடலோரத்தில் பொதுமக்கள் வந்துபோகும் ஒரு காட்சியகம் இருந்தால் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான்.

வெளியே வந்தால் திறந்தவெளித் தொட்டிகள், புல்வெளி, கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் உண்மையான கடல். ஒரு குளத்தில் மாங்க் சீல் என்ற கடல்நாய் நீந்துகிறது. ஹவாயில் மட்டுமே வாழும் இனம். மொத்தம் ஏறத்தாழ 1,600தான் மிச்சம். அவற்றில் பெரும்பகுதி, மனிதர் குடியில்லாத வடமேற்குத் தீவுகளைச் சுற்றிய பாபஹானவுமோகுவாகேயா காப்பகத்தில் இருக்கிறது. 15 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்பகம் அது. இதன் உறவினமான கரீபியன் மாங்க் சீல் அழிந்துவிட்டதென 2008இல் அறிவித்தார்கள்.

பேத்தி கேட்டாள்: "கடல் இங்கதான இருக்கு? ஏன் அத உள்ள வச்சிருக்காங்க?"

நியாயமான கேள்வி. எந்தப் பிள்ளையும் கேட்க வேண்டிய கேள்வி. பதில் இதுதான். ஹோஐலோனா என்ற அந்த ஆண் சீல் 2008இல் கவாய் தீவில் பிறந்தது. பிறந்ததுமே தாய் கைவிட்டுவிட்டது. அதிகாரிகள் எடுத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, பிறகு மொலோகாய் தீவின் கடலில் விட்டார்கள். ஆனால் அதற்கு மனிதர்களைத்தான் தெரியும். கவுனககாய் படகுத்துறைக்கு வந்து நீந்தும் பிள்ளைகளோடு விளையாட ஆரம்பித்தது. ஊருக்கே செல்லமாகிவிட்டது. தீவின் பெரியவர்கள்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். வளர வளர அந்த விளையாட்டு பிள்ளைகளுக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து. கண்ணில் புரையும் விழுந்திருந்தது. 2009இல் பிடித்து, கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர்மக்கள் மனம் ஆறவில்லை. 2011இல் அது ஹவாய்க்குத் திரும்பி இந்தக் காட்சியகத்துக்கு வந்தது. பார்வை குன்றிய அதைக் கடலில் விட்டால் பிழைக்காது.

"அப்ப அதுக்குக் கண்ணு தெரியாததால இங்க இருக்கு. வேடிக்கை காட்ட இல்ல" என்று அவளே தம்பிக்கு விளக்கினாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. ஆரோக்கியமான விலங்கைப் பிடித்து வந்து வித்தை காட்ட வைக்கும் இடங்களுக்குப் பேரப்பிள்ளைகளை நான் கூட்டிப்போக மாட்டேன். கதி கெட்ட ஒன்றுக்கு இடம் கொடுத்து, அதன் கதையை மறைக்காமல் சொல்லும் இடத்துக்குத் தயங்காமல் போவேன்.

காட்டுச் சீல்கள் தொலைவில் இல்லை. காட்சியகத்தை ஒட்டினாற்போல் 1927இல் கட்டிய நேட்டடோரியம், முதல் உலகப் போரில் பணியாற்றிய ஹவாய்க்காரர்களின் நினைவாக எழுப்பிய உப்புநீர்க் குளம், இடிந்து கிடக்கிறது. 1979 முதல் மூடியிருக்கிறது. அதைத் தாண்டினால் கைமானா கடற்கரை. 2017இல் ஒரு தாய்ச் சீல் அந்த மணலில், குளிக்க வந்தவர்கள் கண்முன்னே, குட்டி போட்டது. குட்டி இடிந்த குளத்துக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும் ஆபத்து வந்ததால் ஆள் நடமாட்டம் குறைந்த கரைக்கு மாற்றினார்கள். சீல் கரையேறினால் சுற்றிலும் கயிறு கட்டி, தன்னார்வலர்கள் காவல் நிற்பார்கள். குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். ஆமைக்கு 3 மீட்டர்.

காட்சியகத்துக்கு முன்னாலுள்ள கடல் 1988இலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்கே மீன் பிடிக்கக் கூடாது. நேட்டடோரியத்தைத் தாண்டி டைமண்ட் ஹெட் கலங்கரை விளக்கம் வரையுள்ள பகுதியில் ஓராண்டு பிடிக்கலாம், ஓராண்டு கூடாது. இரட்டைப்படை ஆண்டில் திறப்பு, ஒற்றைப்படை ஆண்டில் ஓய்வு. எங்கள் கிழக்குக் கரையின் 61 நாள் தடைக்காலத்தை நினைத்துக்கொண்டேன். கடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதில் மீனவர்களுக்கு எங்கேயும் கருத்து வேறுபாடு இல்லை. ஓய்வு நாட்களில் அடுப்பு எரிவதற்கு வழி என்ன என்பதில்தான் பிணக்கு.

மதியம் அந்த முன்கடலிலேயே பிள்ளைகளைக் குளிக்க விட்டோம். முட்டளவுத் தண்ணீரில் நீந்தியவற்றைப் பேரன் கண்டுபிடித்துக் கத்தினான். காலையில் பார்த்த அதே மீன்கள். போகிற குடும்பங்களுக்குச் சில தகவல்கள்: காலையில் திறந்ததும் போய்விடுங்கள், மாலையில் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் போதும், கட்டணமும் பெரிய காட்சியகங்களைவிடக் குறைவு. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் சேர்ந்த வெயில் களிம்புகளை ஹவாயில் 2021 முதல் விற்கத் தடை, பவளத்துக்குக் கேடு என்பதால். ஊரிலிருந்து கொண்டுபோகும் களிம்பின் உறையைப் படித்துவிட்டு எடுத்துவையுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் ஒன்று மனத்தில் உறுத்துகிறது. வைகீகிக்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1909இல், சென்னை மெரினாவிலும் ஒரு கடல் மீன் காட்சியகம் திறந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் எழுந்தது. இந்தியாவில் அதுவே முதல். கடலை ஒட்டி, மணலுக்குப் பக்கத்தில். இரண்டாம் உலகப் போரில் சென்னை மீது குண்டு விழும் என்ற அச்சத்தில் அதை மூடினார்கள். போர் முடிந்தது, காட்சியகம் மறுபடி திறக்கவே இல்லை. பேர்ள் ஹார்பரில் உண்மையாகவே குண்டு விழுந்த தீவில் அவர்களுடைய காட்சியகம் நூற்றியிருபது ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான கடற்கரை இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். பாக் விரிகுடாவில் எங்கள் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல்பசுவுக்கு 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்திருக்கிறோம். இவற்றில் ஒன்றையும் பார்க்காமலே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். மெரினாவில் மறுபடி ஒரு காட்சியகம் வர வேண்டும். வெளிநாட்டுச் சுறாவும் கண்ணாடிச் சுரங்கமும் வேண்டாம். கிளாத்தி, அஞ்சாலை, கஞ்சிப்பாசி, உயிருள்ள பவளம் போதும். அதைப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொறுப்பில் விட்டு, மீனவர் வீட்டுப் பிள்ளைகளையே வழிகாட்டிகளாக வைக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

அது வரும் வரை ஒன்று செய்யலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்தில் சிறிய அருங்காட்சியகமும் மீன் காட்சியகமும் இருக்கின்றன. இராமேசுவரம் போகும் வண்டிகளெல்லாம் அந்த ஊரைத் தாண்டித்தான் பாம்பன் பாலம் ஏறுகின்றன. அடுத்த முறை பிள்ளைகளோடு போகும்போது பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஒரு மணி நேரம் அங்கே இருந்துவிட்டுப் போங்கள்.